ஒரே நாட்டு வீரருக்கு எத்தனை தலை? இடைப்போர்க் காலப் படைவீரர் படங்களை எந்த வழியில் செய்தால் கட்டுப்படியாகும்

முதல் உலகப் போர் முடிந்ததற்கும் இரண்டாவது தொடங்கியதற்கும் நடுவே வரும் இருபது ஆண்டுகளை வைத்துக் கணினி வியூக விளையாட்டு செய்யக் கிளம்புபவர்களுக்கு டாங்கியும் விமானமும் பெரிய தலைவலி தருவதில்லை. அளவு போட்ட வரைபடங்கள் கிடைக்கும். எந்த மாதிரி எந்த ஆண்டில் வந்தது என்பதும் தெளிவாக இருக்கும். மாட்டிக்கொள்வது சாதாரணக் காலாட்படை வீரரிடம்தான். கடைகளில் விற்கும் மாடல்களில் பெரும்பாலானவை 1944-ஐ மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் 1936-இல் தொடங்கும் ஆட்டத்தில் ஜெர்மன் வீரர் எம்பி 40 ஏந்தி நிற்பார். அந்தத் துப்பாக்கி வந்ததோ 1940-இல். சோவியத் வீரரிடம் பிபிஎஸ்எச் 41 துப்பாக்கி இருக்கும். ஆண்டு அதன் பெயரிலேயே இருக்கிறது. போதாததற்கு அவர் தோளில் பட்டிகள் வேறு. புரட்சியோடு போன அந்தத் தோள்பட்டிகள் சோவியத் ராணுவமான செஞ்சேனைக்குத் திரும்பி வந்தது 1943 ஜனவரியில்.

ஒரு சிறு குழுவின் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. கையால் பிக்சல் பிக்சலாக வரைவது. ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண மாடல் செய்து அதைப் படங்களாக ரெண்டர் எடுப்பது. மாடலையே விளையாட்டுக்குள் நேரடியாக ஓட விடுவது. விற்பனைக்கு இருக்கும் மாடல் தொகுப்பை வாங்கித் திருத்துவது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது. எது அழகாக வரும் என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். எந்த வழியில் போனாலும் ஹெல்மெட் தவறு, பெல்ட் தவறு, கால் தவறு என்று யாராவது ஒருவர் ஆதாரத்தோடு வந்து நிற்கத்தான் போகிறார். அந்த ஒரு திருத்தத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதுதான் இந்த வழிகளை உண்மையில் பிரித்துக் காட்டும்.

ஒப்பிடுவதற்குப் போலந்துப் படையை எடுத்துக்கொள்கிறேன். இந்த இருபது ஆண்டுகளில் இவ்வளவு தலை மாறிய படை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

1919 ஏப்ரலில், பிரான்ஸில் உருவான ஜெனரல் ஹாலரின் போலந்துப் படை அங்கிருந்து போலந்து வந்து சேர்ந்தது. பிரெஞ்சு வெளிர்நீலச் சீருடை, தலையில் முகடு வைத்த ஏட்ரியன் ஹெல்மெட். நீலப்படை என்றே அதற்குப் பெயர். 1918 வரை போலந்து ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றின் ஆட்சியிலும் பிரிந்து கிடந்தது. ஜெர்மன் ஆட்சியில் இருந்த பகுதியிலிருந்து வந்தவர்களிடம் ஜெர்மன் ஹெல்மெட்டும் ஜெர்மன் சாமான்களும் இருந்தன. தெற்கே ஆஸ்திரியச் சீருடை. ஆகவே 1920-இல் சோவியத் ரஷ்யாவோடு மோதிய போலந்துப் படைக்கு 'இதுதான் சீருடை' என்று ஒரே படம் வரைந்தால் அதுவே பிழை. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். கூம்பு வைத்த புத்யோனவ்கா தொப்பி செஞ்சேனையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் 1920-இல் அது எல்லோருக்கும் கிடைத்திருக்கவில்லை. சாதாரணத் துணித்தொப்பியும் கம்பளித் தொப்பியும் கலந்துதான் நடந்தார்கள்.

1939-க்கு வந்தால் காட்சி வேறு. காலாட்படைக்கு 1936 மாதிரிக் காக்கிச் சீருடை, போலந்திலேயே வடிவமைத்த 1931 மாதிரி ஹெல்மெட். குதிரைப்படையிடம் பழைய ஏட்ரியனே தங்கிவிட்டது. கர்னல் மாச்செக் தலைமையில் இருந்த 10-ஆவது மோட்டார் குதிரைப்படைப் பிரிவு இன்னும் சுவாரசியம்: முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட், கறுப்புத் தோல் கோட்டு. ஆட்டத்தில் இவர்களைச் சரியாகக் காட்டினால் 'போலந்து வீரருக்கு ஏன் ஜெர்மன் ஹெல்மெட் போட்டீர்கள்?' என்று ஒரு புகார் நிச்சயம் வரும். அந்தப் புகாரைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது அளவு. வரைபடத்தின் மேல் வீரர் 48 பிக்சல் உயரத்தில் நிற்பார் என்று வைத்துக்கொள்வோம். 170 சென்டிமீட்டர் ஆளை அதில் அடக்கினால் ஒரு பிக்சலுக்கு மூன்றரை சென்டிமீட்டர். முதல் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட்டுக்கும் 1935 மாதிரிக்கும் விளிம்பில் இருக்கும் வித்தியாசம் அரைப் பிக்சல்கூட வராது. பக்கவாட்டில் துருத்தும் காற்றுத்துளைக் குமிழும் காணாமல் போகும். ஆக, இந்த அளவில் இரண்டுக்கும் ஒரே ஹெல்மெட் போதும். ஆனால் பிரிட்டிஷ் ஹெல்மெட்டின் அகன்ற தட்டை விளிம்பு தெரியும். ஏட்ரியனின் முகடு உச்சியில் ஒரு வெளிச்சக் கோடாகத் தெரியும். புத்யோனவ்காவின் கூம்பும், போலந்தின் நான்கு மூலைத் தொப்பியான ரொகாத்தீவ்காவும் நன்றாகவே தெரியும்.

கால்கள் இதைவிட முக்கியம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1939-இன் ஜெர்மன் வீரருக்குக் கெண்டைக்கால் வரை கறுப்பு பூட்ஸ். போலந்துக் காலாட்படை வீரருக்குக் கணுக்கால் பூட்ஸ், அதற்கு மேல் முழங்கால் வரை சுற்றிய காக்கித் துணிப்பட்டி. 48 பிக்சலில் ஒருவருக்குக் கீழ்க்கால் கறுப்பு, மற்றவருக்குக் காக்கி. சட்டைப் பொத்தானை எண்ணி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதைச் சரிசெய்தால் தூரத்திலிருந்தே ஆள் அடையாளம் தெரிந்துவிடும்.

துப்பாக்கியின் நீளமும் அப்படியே. போலந்தின் 1929 மாதிரி மவுசரும் ஜெர்மன் கார் 98கே-யும் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர். நம் கணக்கில் 31 பிக்சல். இரண்டுக்கும் ஒரே மாடலைப் போட்டுவிடலாம். ஹாலரின் ஆட்கள் கொண்டுவந்த பிரெஞ்சு லெபெல் 130 சென்டிமீட்டர், அதாவது 37 பிக்சல். சோவியத் மோசின் 1891/30 துப்பாக்கி, முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தி மாட்டிய நிலையில் 166 சென்டிமீட்டர். அதன் குறிமுள்ளையே பயனெட் மாட்டிய நிலையில்தான் சரிபார்த்து வைத்திருந்தார்கள். அப்படியானால் துப்பாக்கி கிட்டத்தட்ட ஆள் உயரம், 47 பிக்சல். அதைத் தரையிலிருந்து தூக்கிச் செங்குத்தாகப் பிடித்து நின்றால் பயனெட் நுனி கட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டிவிடும். படச்சட்டத்தின் அளவை முதலிலேயே பெரிதாக வைக்காவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கையால் வரைவதை இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 48 பிக்சலுக்குக் கீழே போகப் போக அதுதான் சிறந்த வழி. ரெண்டர் எடுத்த படத்தைச் சுருக்கினால் முகமும் பெல்ட்டும் கலங்கிச் சேறாகிவிடும். கையால் வரைபவர் எந்தப் பிக்சலுக்கு என்ன வேலை என்று தீர்மானித்து வைப்பார். வெஸ்னாத் என்ற திறமூல விளையாட்டில் கட்டமே 72 பிக்சல்தான், அதற்குள் எத்தனை உயிரோட்டமான ஆட்கள்! 1994-இல் வந்த பான்சர் ஜெனரல் என்ற ஆட்டத்தின் பாணியில் ஒரு படைக்கு அசையாத பக்கவாட்டுப் படம் ஒன்று போதும் என்றால் யோசிக்கவே தேவையில்லை, வரைந்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று படைகளை முடிக்கலாம். தவறு என்று தெரிந்தால் அரை மணி நேரத்தில் ஹெல்மெட்டை மாற்றலாம்.

அசைவு வேண்டும் என்று சொன்ன நிமிடமே கணக்கு தலைகீழாகும். நிற்பதற்கு 1 ஃப்ரேம் (அசைவின் ஒரு தனிப்படம்), நடக்க 8, சுட 6, விழ 6 என்று மொத்தம் 21. எட்டுத் திசைக்கு 168. போலந்துக்கு மட்டும் ஆறு வகை வீரர்கள் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அறுகோணக் கட்டத்தில் ஆறு திசை போதும் என்று குறைத்தாலும் ஒரு வீரருக்கு 126. இத்தனையும் வரைந்து முடித்த பிறகு குதிரைப்படை ஹெல்மெட் ஏட்ரியன் என்று தெரியவந்தால் அத்தனை ஃப்ரேமிலும் தலையை மாற்ற வேண்டும். அந்த நிலையில் யாரும் மாற்ற மாட்டார்கள். 'பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டுவிடுவார்கள். சரித்திரத் துல்லியம் செத்துப்போவது இந்த இடத்தில்தான்; ஆராய்ச்சி போதாமல் அல்ல, திருத்தம் கட்டுப்படியாகாமல்.

பாதியைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். 1997-இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட்டம் ஐந்து திசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதி மூன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத்தான் காட்டியது. அப்படிச் செய்தால் 168, 105 ஆகும். ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுக்கும் துப்பாக்கிக் காலத்து வீரரைத் திருப்பினால் அவர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். போல்ட்டின் கைப்பிடி இடப்பக்கம் போகும். ஜெர்மன் வீரரின் இடது இடுப்பில் இருக்க வேண்டிய பயனெட் வலப்பக்கமும், வலப்பக்க ரொட்டிப்பை இடப்பக்கமும் மாறும். கையால் வரைபவருக்கு இதை விட்டால் வழியில்லை, மன்னிக்கலாம். ரெண்டர் எடுப்பவருக்கு இதற்குச் சாக்கே கிடையாது. எட்டுத் திசையையும் கம்ப்யூட்டர்தானே சுற்றப் போகிறது.

அதனால்தான் அசைவுள்ள ஆட்டத்துக்கு ப்ளெண்டர் வழியைச் சொல்கிறேன். ஒரே எலும்புக்கூடு, அதன் மேல் தனித்தனித் துண்டுகளாகத் தலை, மேலுடல், கால், சாமான், துப்பாக்கி. போலந்துக்கு ஏட்ரியன், ஜெர்மன் வகை, 1931 மாதிரி, ரொகாத்தீவ்கா என்று நான்கு தலைகள். பிரெஞ்சு நீல மேலங்கி, காக்கிச் சட்டை, தோல் கோட்டு என்று மூன்று மேலுடல்கள். துணிப்பட்டி, உயர் பூட்ஸ் என்று இரண்டு கால்கள். இந்த ஒன்பது துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினாலே 1920-இன் கலவைப் படையும் வரும், 1939-இன் படையும் வரும். கேமராவை, தூரத்தால் அளவு குறையாத ஆர்த்தோகிராஃபிக் முறையில் வைத்து மாடலை மட்டும் 45 பாகையாகச் சுழற்ற வேண்டும். விளக்குகள் மாடலோடு சேர்ந்து சுழலக் கூடாது. சுழன்றால் ஒவ்வொரு திசையிலும் வெயில் வேறு பக்கத்திலிருந்து அடிக்கும். நான்கு மடங்கு பெரிதாக ரெண்டர் எடுத்துச் சுருக்கி, முகத்திலும் விளிம்பிலும் கையால் கொஞ்சம் சீர்செய்தால் போதும். ஹெல்மெட் தவறு என்று யாராவது சொன்னால் ஒரு துண்டை மாற்றிவிட்டு இரவு ரெண்டருக்குப் போட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் கையால் செய்த சீர் மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அதனால் அதைக் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வழியில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று மினுமினுப்பு. ஹெல்மெட் என்றதும் உலோகப் பளபளப்பைப் போட்டுவிடுவது வழக்கம். போலந்தின் 1931 மாதிரிக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத சொரசொரப்பான பூச்சு பூசினார்கள். சலமாந்தர் என்று அந்தப் பூச்சுக்குப் பெயர். ப்ளெண்டரில் சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னஸ் அளவை நன்றாக ஏற்றிவிட்டால் அந்த மங்கல் வந்துவிடும். 48 பிக்சலில் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஏட்ரியனுக்கும் இதற்கும் வித்தியாசம்.

இன்னொன்று அசைவு. மிக்சமோ என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் துப்பாக்கி அசைவுகள் இன்றைய சிப்பாயுடையவை: முழங்கால் மடக்கி, துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு பதுங்கி நடப்பது. 1920-இன் ஆள் அப்படி நடக்க மாட்டார். தோளில் வாரோடு தொங்கவிட்டோ ஒரு கையில் கிடையாகப் பிடித்தோதான் போவார். சுட்ட பிறகு வலது கை துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அந்த இரண்டு ஃப்ரேமைச் சேர்த்தால் சீருடை மங்கலாக இருந்தாலும் காலம் தெரிந்துவிடும். சேர்க்காவிட்டால் எவ்வளவு சரியான ஹெல்மெட் போட்டாலும் தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர் மாதிரித்தான் இருப்பார்.

மாடலை நேரடியாக விளையாட்டுக்குள் ஓடவிடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்திலிருந்து ஆள் முகம் வரை பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேண்டும் என்றால் அதுதான் வழி. அப்படிப் பெரிதாக்கும்போது காலர் பட்டை, தோட்டாப்பை, பித்தளைப் பொத்தான் எல்லாம் பார்வைக்கு வரும். ஆராய்ச்சி வேலை பல மடங்கு ஆகும். சுமாரான போன்களிலும் ஓட வேண்டும் என்றால் மாடலை ஆக்கும் சிறு பட்டைகளின், அதாவது பாலிகன்களின் கணக்கோடு மல்லுக்கட்ட ஓர் ஆள் தனியாக வேண்டும். மூன்று பேர் குழுவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கித் திருத்தும் வழி பார்க்க மலிவு. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றுக்கும் மலிவுதான். ஆனால் பிரிட்டிஷ் வீரருக்கு விற்கும் குட்டைச் சட்டைச் சீருடை 1939-ஐ ஒட்டித்தான் பரவலானது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு நீளச் சட்டை போட வேண்டும். பெரிய நாடுகளை விட்டு நகர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 1935 அக்டோபரில் இத்தாலி படையெடுத்தபோது எதிர்கொண்ட எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படை காக்கிச் சீருடை அணிந்திருந்தது, ஆனால் பலருக்குக் காலில் ஒன்றுமில்லை. 1932 முதல் 1935 வரை பொலிவியாவோடு நடந்த சாக்கோ போரில் பராகுவே வீரர்களும் வெறுங்காலோடு நின்றார்கள். வாங்கும் தொகுப்பில் பூட்ஸ் உடலோடு ஒட்டியே இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே கால் இருக்காது. உடலைப் புதிதாகச் செய்வதற்குச் சமமான வேலை. உரிமத்தையும் படித்துப் பார்க்க வேண்டும்: விளையாட்டுக்குள் வைக்கலாம், ஆனால் மாடல் கோப்பை வெளியே கொடுக்கக் கூடாது என்று பல உரிமங்கள் சொல்லும். ஆட்டக்காரர்கள் தாங்களே மாற்றங்கள் செய்துகொள்ள மூலக் கோப்புகளை வெளியிடும் எண்ணம் இருந்தால் இந்த வழி அங்கேயே அடைபடும்.

செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு பத்தி போதும். '1939 போலந்து வீரர்' என்று கேட்டால் ஜெர்மன் ஹெல்மெட்டும் சோவியத் சட்டையும் கலந்த ஓர் ஆள் வருவார். அடுத்த திசையைக் கேட்டால் வேறோர் ஆள் வருவார். பிழை எங்கே என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் படம் பயன்படும், தெரிந்தவர் தானே செய்துவிடுவார். கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிடுவதாக இருந்தால், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

வழி எதுவானாலும் நிறம் தனிப் பிரச்சினை. அந்தக் காலப் புகைப்படங்களில் பல, சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்தவை. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். ஹாலர் படையின் நீலச் சீருடை கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். சோவியத் காலாட்படையின் கருஞ்சிவப்புக் காலர் பட்டை ஒரு படத்தில் கறுப்பாகவும், எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்த இன்னொரு படத்தில் சாம்பலாகவும் இருக்கும். இணையத்தில் உலவும் நிறமேற்றிய படங்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. நிறத்துக்கு அருங்காட்சியக உடைகளைப் பார்ப்பதே மேல். அதிலும் வெயில் பட்ட தோள் பகுதியை நம்பாமல், காலரின் அடிப்புறமோ பையின் மூடிக்குக் கீழோ மங்காமல் இருக்கும் துணியைப் பார்க்க வேண்டும். வடிவத்துக்குப் போலந்தின் தேசிய டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தின் இடைப்போர்க் காலப் படங்கள் தங்கச் சுரங்கம். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008-இல் விக்கிமீடியா காமன்ஸுக்குக் கொடுத்த சுமார் 80,000 படங்களும் உதவும்.

படங்களை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1937 ஷாங்காய் சண்டையில் ஜெர்மன் ஹெல்மெட் அணிந்த சீன வீரர்களின் படங்கள் எங்கும் பரவியிருப்பதால், பல ஆட்டங்களில் சீனப்படை முழுக்கவே அந்த ஹெல்மெட்டோடு அலைகிறது. ஜெர்மன் ஆலோசகர்கள் பயிற்சியளித்த சில டிவிஷன்களிடம்தான் அது பரவலாக இருந்தது. பெரும்பான்மையினருக்குத் துணித்தொப்பிதான். கேமரா போனது அணிவகுப்புக்கும் சிறப்புப் படைக்கும்.

அணி நிறத்தைச் சீருடையில் பூசும் வழக்கத்தை இந்தக் காலகட்டத்துக்கு விட்டுவிடலாம். எல்லோரும் காக்கியிலும் சாம்பல்பச்சையிலும் இருக்கும் காலம் இது. ஸ்பெயினில் 1936 ஜூலையில் ஒரே ராணுவம் இரண்டாகப் பிளந்தபோது இரு பக்கமும் அதே சீருடை, அதே மவுசர். சட்டையைச் சிவப்பாகவும் நீலமாகவும் மாற்றிவிட்டால் அதற்கு முன் செய்த ஆராய்ச்சி முழுக்க வீண். காலடியில் ஒரு நிற வட்டமோ பக்கத்தில் ஒரு சிறு கொடியோ போதும்.

கடைசியாக, குதிரைப்படைக்குத் தனியாகப் பட்ஜெட் போட்டுவிடுங்கள். 1920-இன் போலந்து உலானுக்கு, அதாவது குதிரை வீரருக்கு, ஈட்டி சரி. அந்த ஆகஸ்ட் 31-இல் நடந்த கொமாரூவ் சண்டை குதிரையும் குதிரையும் மோதியதுதான். ஆனால் 1934-இல் ஈட்டியைப் போர் ஆயுதமாக வைத்திருப்பதைக் கைவிட்டார்கள். 1939-இன் உலானுக்கு ஈட்டியைக் கொடுத்து டாங்கி மேல் பாய விடுவது, கிரோயான்ட்டி சண்டையைச் சுற்றிப் பரவிய கட்டுக்கதைக்கு நாமே படம் போட்டுக் கொடுப்பதாகும். அங்கே அவர்கள் பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மேல்; பிறகு வந்த கவச வண்டிகளின் குண்டுக்கு ஆளானார்கள். அந்த ஆண்டில் குதிரை பெரும்பாலும் போய்ச் சேரத்தான், சண்டை தரையில். ஆகவே நகரும்போது குதிரைமேல் ஒரு ஸ்ப்ரைட் (ஆட்டத்தில் வரும் வீரர் படம்), சண்டையில் கால்நடையாக ஒரு ஸ்ப்ரைட். இரண்டாவதற்குக் காலாட்படை உடலையே எடுத்து ஏட்ரியன் தலையும் உயர் பூட்ஸும் பூட்டினால் போதும். காசு இடித்தால் குதிரைமேல் இருந்து வெட்டும் அசைவை விட்டுவிடலாம், 1939-இல் தொடங்கும் ஆட்டத்துக்கு அது இல்லாமலே நடக்கும்.